தர்க்கப்படி பார்த்தால் கடவுளை நம்புவது சரியா, மறுப்பது சரியா?

தூக்கம்கெட்டவன்:
நேற்று நண்பன் ஒருவன் ஒரு மணி நேரம் விடாமல் பிடித்துக்கொண்டான். "ஒரு நாற்காலி கூடத் தானாக வராது, இவ்வளவு பெரிய பிரபஞ்சம் மட்டும் தானாக வந்துவிட்டதா? அப்படிப் பார்த்தால் நாத்திகம்தான்டா மூடநம்பிக்கை" என்பது அவன் கட்சி. நான் பெரிய பக்தனும் இல்லை, நாத்திகனும் இல்லை, அந்த நேரத்துக்குப் பதில் வரவில்லை, படுத்த பிறகும் நாற்காலியே மண்டைக்குள் ஓடியது. வளர்ப்பு, அனுபவம், பயம் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு வெறும் தர்க்கமாகப் பார்த்தால் எந்தப் பக்கம் வலு? சண்டை வேண்டாம், கும்பிடுகிறேன்.

பழையகணக்கு:
உங்கள் நண்பரின் நாற்காலி பழைய குடம்தான் தம்பி. குடம் இருந்தால் குயவன் உண்டு, உலகமும் குடம் மாதிரி ஒரு காரியம், ஆகவே அதற்கும் ஒரு கர்த்தா உண்டு. நியாயம் என்ற பழைய இந்தியத் தர்க்க மரபில் உதயனர் என்ற அறிஞர் சுமார் 1000 வருடத்துக்கு முன்பே இதைக் கட்டி நிறுத்தினார். அவருக்கும் முன்னாலேயே குமாரிலர் என்ற இன்னொரு அறிஞர் இந்த மாதிரி வாதத்தைப் போட்டு உடைத்திருக்கிறார்: உடம்பில்லாத ஒருவர் எதையும் செய்து நாம் பார்த்ததில்லை, உடம்பு உண்டு என்றால் அந்த உடம்பைச் செய்தது யார்? இத்தனைக்கும் குமாரிலர் மீமாம்சகர், அதாவது வேதச் சடங்குகளை ஆராயும் மரபைச் சேர்ந்தவர், வேதத்தை உயிராக மதித்தவர். அதனால் பக்தர்கள் இந்தப் பக்கம், மறுப்பவர்கள் அந்தப் பக்கம் என்று கோடு கிழிக்க முடியாது.

அப்புறம், தச்சர் நாற்காலி செய்வதை நாம் பார்த்திருக்கிறோம். பிரபஞ்சம் செய்யப்படுவதை யார் பார்த்தது? ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஹியூம் ஒரு புத்தகத்தில் இதைத்தான் கேட்டார். உயிரோடு இருந்தவரை அந்தப் புத்தகத்தை அவர் வெளியிடவே இல்லை, இறந்து 3 வருடம் கழித்து 1779-இல்தான் வந்தது.

நம்பிக்கையாளன்:
சரி, நாற்காலியை விடுங்கள், அது பலவீனமான வடிவம். 1111-இல் மறைந்த இஸ்லாமிய அறிஞர் கஸ்ஸாலி சொன்னது வேறு: தொடங்கிய எதற்கும் காரணம் உண்டு, உலகம் தொடங்கியது, ஆகவே அதற்கும் காரணம் உண்டு. "இருக்கிற எல்லாவற்றுக்கும்" என்று அவர் சொல்லவில்லை, "தொடங்கியவற்றுக்கு" என்றுதான் சொன்னார், அதனால் "அப்போ கடவுளைப் படைத்தது யார்" என்று எல்லோரும் கேட்கும் கேள்வி இங்கே செல்லாது. ஈர்ப்பு விசை மாதிரி அடிப்படை அளவுகள் வேறு மாதிரி இருந்திருந்தால் நட்சத்திரங்களே உருவாகியிருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. இந்த வழியில் போனால் ஒரு முதல் காரணம் வரைக்கும்தான் போகலாம். நான் தினமும் வேண்டிக்கொள்கிறேனே, அதைக் கேட்கிறவர் வரைக்கும் இது கொண்டுபோய்ச் சேர்க்காது.

சீட்டுக்கட்டு:
52 சீட்டையும் நன்றாகக் கலைத்துவிட்டு மேசையில் ஒவ்வொன்றாக வையுங்கள். இப்போது வந்த அந்த வரிசை வருவதற்கான வாய்ப்பு, ஏறத்தாழ 8-க்குப் பின்னால் 67 பூஜ்யம் போட்ட எண்ணில் ஒன்று. ஆனாலும் வந்துவிட்டது, யாரும் திட்டம் போடவில்லை. நட்சத்திரம் வந்ததும் அப்படித்தான்.

நம்பிக்கையாளன்:
அந்த 52-ம் ஆஸ் முதல் ராஜா வரை நான்கு இனமும் பிசகாமல் அடுக்கி வந்தால்? கலைத்தவர் கையை ஒரு தடவை பார்ப்பீர்களா மாட்டீர்களா?

சீட்டுக்கட்டு:
பார்ப்பேன். ஆனால் அந்த வரிசை விசேஷமானது என்று கலைப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். உயிர் விசேஷமானது என்று சொல்வது யார்? உயிரோடு இருக்கிற நாம்தானே. (இது முழுப் பதில் இல்லை என்று எனக்கே தெரியும், திட்டாதீர்கள்.)

இடைவெளி:
ஆளாளுக்கு நாத்திகம் என்று வேறு வேறு ஆளைச் சொல்கிறீர்கள். "கடவுள் இல்லவே இல்லை" என்பவர் நிரூபித்தாக வேண்டும், உதாரணமாகக் குழந்தைகள் படும் வேதனையைக் காட்டி, எல்லாம் வல்ல நல்லவர் ஒருவர் இருந்தால் இது எப்படி என்று கேட்டு. "நம்புவதற்குப் போதுமான காரணம் இதுவரை கிடைக்கவில்லை" என்பவருக்கு அந்தச் சுமை இல்லை. "தெரியாது" என்பவருக்கு ஆங்கிலேய விஞ்ஞானி ஹக்ஸ்லி 1869-லேயே "அக்னாஸ்டிக்" என்று தனிப் பெயர் வைத்துவிட்டார். முதல் ஆளோடு ஒப்பிட்டால் நம்பிக்கையாளர் சமமாக நிற்கலாம், இரண்டாவது ஆளோடு என்றால் கஷ்டம். உங்கள் நண்பர் யாரை மூடநம்பிக்கைக்காரன் என்றார், கேட்டீர்களா?

தூக்கம்கெட்டவன்:
கேட்கவில்லை. நாளைக்குப் பார்க்கும்போது கேட்கிறேன். கூடவே தச்சருக்கு மரம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்கலாம் என்று இருக்கிறேன்.

நம்பிக்கையாளன்:
மரத்தையும் அவரே படைத்தார் என்பார். நானும் அதைத்தான் சொல்வேன்.