கோவளம் பக்கம் உரக் கழிப்பறை: மழைக்கால ஈரத்துக்கு என்ன செய்யலாம்?

வணக்கம். கோவளம் பக்கம் சின்ன வீடு, மணல் நிலம். ஐப்பசி மழையில் நிலத்தடி நீர் மேலேறிவிடும். செப்டிக் டேங்க் கசிந்தால் நேராகக் கிணற்றுக்குத்தான். அதனால் தரைக்கு மேலே இரண்டு அறை வைத்த உரக் கழிப்பறை (மலத்தை மட்கவிட்டு உரமாக்குவது) கட்டுகிறோம். ஓர் அறை நிறைந்ததும் மூடி ஒரு வருடம் விட்டுவிட்டு, அடுத்ததைப் பயன்படுத்த வேண்டும்.

திருச்சி மாவட்டம் முசிறியில் உள்ள இந்த வகைக் கழிப்பறைகளில் இருப்பதுபோல மலம், சிறுநீர், கழுவும் தண்ணீர் மூன்றும் தனித்தனியே போகிற பேசின் வேண்டும். கழுவும் தண்ணீர் கல்வாழைப் பாத்திக்குப் போகும். அது அறைக்குள் இறங்கினால் காற்றுப் புகாமல் அழுகி நாறும், புழு வைக்கும். காற்றுக்கு 4 அங்குல பிவிசி குழாய், கூரைக்கு மேல் 2 அடி. உச்சியில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை. சாதா இரும்பு வலை கடல் காற்றில் அரித்துவிடும்.

ஒவ்வொரு முறையும் மலத்தின் மேல் தூவும் மூடுபொருளில்தான் குழப்பம். சாம்பல் நிறையப் போட்டால் காரம் ஏறி, மட்காமல் காய்ந்தே கிடக்கும். தென்னை நார்க்கழிவு நல்லது, ஆனால் மழையில் ஈரம் இழுக்கிறது. எந்த விகிதத்தில் கலக்கிறீர்கள், எப்படி உலர்வாக வைக்கிறீர்கள்? சிறுநீர்க் குழாயில் உப்புப் படியாமல் இருக்க எவ்வளவு சரிவு போதும்? இந்த பேசின் சென்னையில் எங்கே கிடைக்கும்? பயன்படுத்துகிறவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.