மறுமொழி: ‘அருமண்’ வேண்டாமா?

தேவகோட்டை அண்ணனுக்கு வணக்கம்.

நியோடிமியம் முதலிய ‘ரேர் எர்த்’ (rare earth) தனிமங்களுக்குத் தமிழில் ‘அருமண்’ வேண்டாம், ‘அரிதுலோகம்’ என்று வைக்கலாம் என்று நம் குழுவில் எழுதியிருந்தீர்கள். மண் என்றால் பிள்ளைகள் வயல் மண்ணை நினைப்பார்கள் என்பது உங்கள் கவலை. ஆனால் கால்சியம் வகையறாவைப் பாடநூலில் ‘கார மண் உலோகங்கள்’ என்றுதானே படிக்கிறார்கள்? சூட்டில் மாறாத, நீரில் எளிதில் கரையாத ஆக்சைடுகளைப் பழைய வேதியியலார் மண் என்றார்கள். சுண்ணாம்பும் அதில் சேர்த்தி.

எனக்கு இடிப்பது ‘அரிது’தான். நியோடிமியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புவி ஓட்டில் ஈயத்தைவிட அதிகமாகவே இருக்கிறது. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் மோனசைட் என்ற கனிமத்துக்குள் கிடக்கிறது. அதைப் பிரிப்பதுதான் பெரும்பாடு. 1841-இல் ஸ்வீடன் வேதியியலார் மொசாண்டர் ஒரே தனிமம் என்று நம்பி ‘டிடிமியம்’ எனப் பெயரிட்டார். 1885-இல் வியன்னாவில் ஆவர் ஃபொன் வெல்ஸ்பாக் அதன் உப்பைத் திரும்பத் திரும்பப் படிகமாக்கி, நியோடிமியம், பிரசியோடிமியம் என இரண்டாகப் பிரித்தார். (நம் பக்கத்து மாப்பிள்ளை அழைப்பில் தலையில் தூக்கி வந்த காஸ் லைட்டின் மேண்டிலும் அவர் கண்டதுதான். தோரியமும் துளி சீரியமும் சேர்ந்த வலை அது.) இந்தத் தனிமங்களின் வெளி எலக்ட்ரான் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே, அதனால் குணமும் ஒன்றுபோலவே. இன்றும் கரைப்பான்களைக்கொண்டு நூற்றுக்கணக்கான படிகளில்தான் பிரிக்கிறார்கள். மோனசைட் என்றால் தோரியத்தின் கதிரியக்கத் தொல்லை வேறு.

ஆகவே ‘அரு’ இருக்கட்டும். அருஞ்சொற்பொருள், அரும்பாடு என்கிறோமே, அந்தப் பொருளில். பிரிக்க அரிய மண், அருமண். சீனா கையை ஓங்கி வைத்திருப்பதும் இந்தப் பிரிப்பு வேலையில்தான். 2025 ஏப்ரலில் ஏழு அருமண் தனிமங்களுக்கும் அவை கலந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்றதும், கார் ஆலைகள் திண்டாடிப்போயின.

அப்புறம், நியோடிமியத்துக்குக் கானாடுகாத்தான் அக்கா சொன்ன ‘புத்திரட்டை’ (புதிய இரட்டை). கிரேக்கப் பொருள் அதுதான், அழகாகவும் இருக்கிறது. ஆனால் தனிமப் பெயர்களைத் தமிழாக்கத் தொடங்கினால் பிரசியோடிமியத்தைப் ‘பச்சிரட்டை’ என்று சொல்ல வேண்டிவரும். பெயர் அப்படியே இருக்கட்டும். நியோடிமியத்தோடு இரும்பும் போரானும் சேர்த்து 1980-களில் வந்த காந்தத்துக்கு ‘அருமண் காந்தம்’ போதும். காற்றாலை, மின்வண்டி, ஹெட்போன் எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

இனி, குழுவில் உள்ள காரைக்குடி சிக்ரிக்காரர்களுக்கு (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தாருக்கு) ஒரு வேலை. உருகிய உப்பில் மின்சாரம் பாய்ச்சி நியோடிமிய உலோகம் எடுக்கும் முறைக்கு யாரோ ‘உருகுப்பு மின்பகுப்பு’ என்றிருந்தார்கள். எனக்கு வாயில் வரவில்லை. ‘உருகுப்பு மின்பகுப்பா’, ‘உப்புருக்கு மின்பகுப்பா’? மின்வேதியியலில் புழங்குகிறவர்கள் சொல்லட்டும்.