கருத்தரிப்பதற்கு முன் உணவில் எதை மாற்ற வேண்டும்?

தென்றல்:
எனக்கு வயது 29. சினைப்பை நீர்க்கட்டியால் மாதவிடாய் ஐம்பது நாள்கள் வரை தள்ளிப்போகிறது. அடுத்த ஆண்டு குழந்தைக்கு முயல இருக்கிறோம். தினமும் மாலையில், எண்ணெய் தாளில் ஊறித் தெரியும் ஒரு பப்ஸும் சர்க்கரை தூக்கலான தேநீரும்தான் என் சிற்றுண்டி. இதை நிறுத்தினால் பயன் உண்டா?

வெண்ணிலா:
அவசியம் நிறுத்துங்கள், சகோதரி. அமெரிக்கச் செவிலியர்கள் 17,544 பேரை எட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2007இல் வெளியான ஆய்வில், பப்ஸ் போன்றவற்றில் சேர்க்கப்படும் வனஸ்பதியில் இருப்பது போன்ற டிரான்ஸ் கொழுப்பைக் குறைத்து, பருப்பு, பயறு போன்ற தாவரப் புரதத்தைக் கூடுதலாக உண்டவர்களிடம், சினைமுட்டை வெளியேறாததால் வரும் குழந்தையின்மை குறைவாகவே காணப்பட்டது. இது தொடர்பைத்தான் காட்டுகிறது. உணவே காரணம் என்று நிறுவவில்லை. கருக்குழாய் அடைப்பை எந்த உணவும் சரிசெய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கயல்விழி:
எனக்கும் இதே சிக்கல்தான். உடல் பருமன் இருப்பவர்கள் எடையில் ஐந்து முதல் பத்து விழுக்காடு குறைத்தாலே இன்சுலின் சீராகி, சினைமுட்டை வெளியேறுவது பலருக்குத் திரும்புகிறது. ஆறு கிலோ குறைந்த பிறகு எனக்கு மாதவிடாய் ஒழுங்கானது. பட்டினி மட்டும் கிடக்காதீர்கள், அதுவும் சுழற்சியைக் குலைக்கும்.

தென்றல்:
நன்றி அக்கா. நாளை முதல் டப்பாவில் கொண்டைக்கடலைச் சுண்டல்தான். ஃபோலிக் அமில மாத்திரையை எப்போது தொடங்குவது?

வெண்ணிலா:
முயலத் தொடங்குவதற்கு முன்பே, நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம். குழந்தையின் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரும் நரம்புக்குழாய் முதல் நான்கு வாரங்களிலேயே மூடிவிடுவதால், கருவுற்றது தெரிந்தபின் தொடங்கினால் பெரும்பாலும் தாமதமாகிவிடும். உங்களுக்கு உரிய அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.