ஸ்டெயின்லெஸ் பிக்கப்பும் எங்கட உப்புக்காத்தும்: பார்த்தவை, ஓடினவை சொல்லுங்கோ

உப்புவெளிக் கரை:
பெப்ரவரியில கனடாவில, ஸ்காபரோவில மச்சான் வீட்டில நிண்டனான். அவன்ட வண்டி டெஸ்லா சைபர்ட்ரக், அந்த ஸ்டெயின்லெஸ் கரண்ட் பிக்கப், மூலைமூலையா வெட்டினது, பெயின்ற் இல்லாதது. எல்லாரும் படத்தில பார்த்திருப்பியள், விளக்கேல்ல.

நான் சொல்ல வந்தது ஒரு விடியக்காலத்தை. அங்க பனி உருக றோட்டில உப்புப் போடுவினம். வெளிக்கிடேக்க பின்பக்கம் கை வச்சன், செம்மஞ்சள் புள்ளி மூண்டு. மிளகாய்த்தூள் சிந்தினமாதிரிச் சின்னன். பெருவிரலால தேய்ச்சன், போகேல்ல. ஈரத்துணியால தேய்ச்சன், போகேல்ல. மச்சான் பக்கத்தில நிண்டு பார்த்தவன், ஒண்டும் சொல்லேல்ல. காருக்குள்ள ஏறின பிறகுதான் கேட்டான்: "ஊரில வந்து இருக்கிற காலத்துக்கு இப்பிடி ஒண்டுதான் வேணுமெண்டு நினைச்சிருந்தன் அத்தான். உங்கட கடலுக்கு இது நிண்டு பிடிக்குமோ?"

என்னட்டப் பதில் இல்லை. என்ட விடுதிப் படிக் கைபிடியும் ஸ்டெயின்லெஸ் எண்டுதான் காசு குடுத்துப் போட்டது. ரெண்டாவது வாடைக்கே அதே புள்ளி, அதே நிறம். வந்து மூண்டு மாதம், அவன்ட கேள்வி மண்டைக்குள்ளேயே நிக்குது.

திருக்கடலூர்ப் பட்டறை:
தம்பி, அந்தப் புள்ளி வண்டித் தகட்டில இருந்து வந்ததெண்டு உடன முடிவெடுக்காதேங்கோ. எனக்கு ஒருக்கா நடந்தது. நிலாவெளியில ஒரு ஹோட்டலுக்குக் கைபிடி அடிச்சுப் பூட்டினன், கண்ணாடி மாதிரி. பத்தாம் நாள் முதலாளி போன் எடுத்தார். போய்ப் பார்த்தா முழுக்கச் செம்மஞ்சள். "கள்ளச் சாமான் போட்டிட்டாய்" எண்டு வேலையாக்களுக்கு முன்னால சொன்னார். குனிஞ்சு கிட்டப் பார்த்தன். நுண்ணிய கீறல், கீறலுக்குள்ள மயிர்போல இரும்புத் துகள். துப்புரவாக்கிற பெடியன் இரும்பு நாராலே தேய்ச்சிருக்கிறான். கறள் பிடிச்சது அந்தத் துகள், என்ட குழாய் இல்லை. அவர் நம்பேல்ல.

ஸ்டெயின்லெஸ் எண்டா கறளே வராது எண்டில்லை. அதுக்குள்ள இருக்கிற குரோமியம் காத்தோட சேர்ந்து மேல ஒரு மெல்லிய படலம் கட்டும், கண்ணுக்குத் தெரியாது. கீறினாலும் அது தானாத் திரும்பக் கட்டும். ஆனா உப்பில இருக்கிற குளோரைட் அந்தப் படலத்தை ஊசி குத்தினமாதிரி அங்கங்க ஓட்டை போடும். வழமையா நாங்கள் அடிக்கிற 304 எண்ட ஸ்டெயின்லெஸ் ரகத்தில குரோமியம் 18 வீதம், நிக்கல் 8 வீதம். 316இல ரெண்டு மூண்டு வீதம் மொலிப்டினம் கூடுது, அதாலதான் கடலுக்குக் கிட்ட 316 போடச் சொல்லுறது. விலையைக் கேட்டவுடன எல்லாரும் 304க்கு வந்திடுவினம். அதிலயும் மோசம், உப்புத்தண்ணி தேங்கி நிக்கிற இடுக்கு: போல்ட்டுக்குக் கீழ, ரெண்டு தகடு சேருற இடம். வெளியில மினுங்கும், இடுக்குக்குள்ள தின்னும்.

செய்ய வேண்டியது: கிழமைக்கு ஒருக்கா நல்ல தண்ணியால கழுவுங்கோ, வெயில் ஏற முதல். கழுவித் துணியால துடையுங்கோ, தண்ணியைத் தானாக் காய விடாதேங்கோ. இரும்பு நாரும் இரும்பு பிரஷும் கிட்டவும் வரக்கூடாது. புள்ளி வந்தா சிட்ரிக் அமிலத்தைத் தண்ணியில கரைச்சுப் பூசி, கொஞ்ச நேரம் விட்டுக் கழுவுங்கோ. பக்கத்தில ஆராவது சாதாரண இரும்பு கிரைண்ட் பண்ணினா வண்டியை எடுத்துத் தூரத்தில விடுங்கோ, அந்தப் பொறி ஒட்டினாலும் இதே புள்ளிதான். கனடாவில றோட்டுத் தூசியிலயும் இரும்புத் துகள் இருக்கும்.

கிண்ணியா மீன்லொறி:
அண்ணன், நீங்க சொல்ற 304, 316 எல்லாம் சரி. ஆனா கறளப் பத்தியே கதைக்கிறீங்க. கறள் மெதுவா வாறது, கழுவலாம். அடிபட்டா என்ன செய்வீங்க?

ஹபரணை ரோட்டுல ராவு ரெண்டு மணி, ஐஸ் பெட்டியோட கெப்புல போறன். நடு ரோட்டுல ஆனை. லைட்ட அணைச்சிட்டு மூச்சுப் பிடிச்சு நிண்டன். அது நடந்து வந்து என்ட பக்கக் கதவுல உடம்ப உரசிட்டுக் காட்டுக்குள்ள போயிட்டு. உரசினது மட்டும்தான். தகடு உள்ளுக்கு வளையிற சத்தம் என்ட தோளுக்குப் பக்கத்துலயே கேட்டது. இப்பவும் அந்த வளைவு வந்தா கேக்குது.

கந்தளாய்ல டிங்கரிங் பாஸ் ஒருத்தர் ரெண்டு நாள்ல தட்டி எடுத்து, புட்டி வச்சு, பெயின்ற் அடிச்சுத் தந்தார். அடுத்த கிழமை மீன் ஏத்தினன். ஸ்டெயின்லெஸ் கதவுக்கு இது சரிவராது. இறுகின தகடு, தட்டினா திரும்பத் துள்ளும். புட்டி வச்சா மறைக்கப் பெயின்ற் இல்ல. கதவ முழுசா மாத்தணும், அதுக்குக் கப்பல் பாத்துக்கிட்டு இருக்கணும். மூணு தொன் எடையும் இருக்கு அந்த வண்டிக்கு. எங்கட கரைமணல்ல அத இறக்கினா லேண்ட்மாஸ்டர் டிராக்டரால இழுத்து எடுக்க ஏலுமா?

மிசிசாகாத் திருமலையான்:
கிண்ணியாக் காக்கா, தகட்டை வச்சு மட்டும் அந்த வண்டியைத் தள்ளிவிடாதேங்கோ. 2025 மார்ச் கடைசியில ஒன்ராறியோவில உறைபனி மழை. ஒறிலியாவில எங்கட மாமா வீட்டில கரண்ட் போய் மூண்டாம் நாள். மாமாவுக்கு இன்சுலின், பிரிட்ஜுக்குள்ள. முன்வீட்டுக்காரர் வெள்ளைக்காரர், முன்னப்பின்னக் கதைச்சதில்லை. அவர்ட பிக்கப்பும் இதே ஸ்டெயின்லெஸ்தான். பின்பெட்டியில இருக்கிற பிளக்கில வயரைச் செருகி, பனிக்கு மேலால இழுத்துக்கொண்டு வந்து குசினி ஜன்னலால தந்தார். பிரிட்ஜ் "கிர்ர்" எண்டு வேலை செய்யத் தொடங்கின சத்தத்துக்கு மாமா அழுதிட்டார்.

2022இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாடு எங்கட. 2025 பெப்ரவரி 9இல இலங்கை முழுக்க ஒரேயடியா இருண்டதும் மறந்திருக்காது. வீட்டு வாசலில அப்பிடி ஒரு பெரிய பற்றரி நிண்டா அது சின்ன விசயமோ?

ஆனா ஒண்டு, அந்தப் பிளக் 120, 240 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். எங்கட சாமான் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். மோட்டர் உள்ள சாமானுக்கு விசாரிக்காமல் குடுக்கக்கூடாது. ஸ்டியரிங்கும் இடப்பக்கம்தான்.

சாம்பல்தீவு டீச்சர்:
பிக்கப்பைப் பற்றி எனக்குத் தெரியாது. என்னட்ட இருக்கிறது கரண்ட் ஸ்கூட்டர். பள்ளிக்கூடம் கடற்கரைப் பக்கம். ஒருநாள் பின்னேரம் சார்ஜ் ஏறேல்ல. சார்ஜ் வயர் செருகுற இடத்து மூடியைத் திறந்து டோர்ச் அடிச்சுப் பார்த்தன், உள்ளுக்க இருக்கிற பின்களைச் சுத்திப் பச்சைப் பொடி, பாசிமாதிரி. வெளியில ஒரு கீறல்கூட இல்லை. அடுத்த நாள் ஓ.எல். பிள்ளைகளுக்கு மொடல் பேப்பர், வினாத்தாள் கட்டு என்னட்ட. விடிய நாலரைக்கு நடக்கத் தொடங்கினன்.

நீங்கள் எல்லாரும் தோலைப் பார்க்கிறியள் அண்ணாமார். மூடியைத் திறந்து பாருங்கோ.

நிலாவெளி வாடகைக்கார்:
டீச்சர் சொல்லுறதுதான் சரி. 1980களின்ட தொடக்கத்தில வடஅயர்லாந்தில செய்த டெலோரியன் காருக்கும் ஸ்டெயின்லெஸ் தோல்தான், 304 ரகம். தோல் இண்டைக்கும் நிக்குது. உள்ளுக்க சட்டம் சாதாரண இரும்பு, மேல எபொக்சி பூச்சு. பூச்சு வெடிச்ச இடத்தில சட்டம் கறள். இந்தப் பிக்கப்பிலயும் 2025 மார்ச்சில 46,000க்கு மேற்பட்ட வண்டியைத் திருப்பி அழைச்சவை, கண்ணாடிக்கு மேல் ஓரத்தில ஒட்டின ஸ்டெயின்லெஸ் பட்டி கழரக்கூடும் எண்டு. தகட்டுக்கு ஒண்டுமில்லை, விட்டது பசை.

பட்டறை அண்ணை, கழுவச் சொன்னது சரி. நிலாவெளிக் கிணத்துத் தண்ணியே உவர். அதால கழுவினா?

உப்புவெளிக் கரை:
எல்லாருக்கும் நன்றி. நேற்று மச்சானோட கதைச்சன். வண்டிக் கைநூலிலயே எழுதியிருக்காம்: பறவை எச்சம், செத்த பூச்சி, றோட்டு உப்பு பட்டா உடன எடுக்கச் சொல்லி. அவன் வாசிக்கேல்ல. "கழுவவே தேவையில்லை எண்டுதானே வாங்கினனான்" எண்டான். டீச்சர் சொன்னதைச் சொல்லி மூடியைத் திறக்க வச்சன். அங்க சுத்தம். பின்சில்லு வளைவுக்குள்ள போன் வெளிச்சம் அடிச்சு வீடியோவில காட்டினான். தகடு சேருற கோட்டில வெள்ளை உப்பு, கட்டியாய். நகத்தால சுரண்டினான், உதிர்ந்துது.

நான் இங்க கைபிடிக்குக் காந்தம் வச்சுப் பார்த்தன், ஒட்டேல்ல. அப்ப 304தானே அண்ணை?

திருக்கடலூர்ப் பட்டறை:
இல்லைத் தம்பி. 201 எண்டு ஒண்டு இருக்கு, நிக்கலைக் குறைச்சு மாங்கனீஸ் கூட்டினது, மலிவு. அதுவும் காந்தத்தில ஒட்டாது. கடற்கரைக்கு உதவாது. பழைய பில் இருந்தா எடுத்துக்கொண்டு, அறுத்த துண்டு ஒண்டும் கிடந்தாக் கொண்டுவாங்கோ. உவர்த்தண்ணி கேட்ட தம்பிக்கு: மழைத்தண்ணி பிடிச்சு வச்சுக் கடைசி அலசல் அதாலே.