இரட்டை டேங்க் லாரி: ஓடும்போது முள் வேகமாக இறங்குகிறது, காலையில் தானாக ஏறி நிற்கிறது

கேள்வி:
நண்பர்களே, டீசல் மீட்டர் விஷயத்தில் ஓர் உதவி வேண்டும். என் லாரியில் இரண்டு பக்கமும் ஆளுக்கு 200 லிட்டர் டேங்க், அடியில் ஒரு குழாய் இரண்டையும் இணைக்கிறது. கொஞ்ச நாளாக முள் முன்பைவிட மளமளவென்று இறங்குகிறது, இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று டிஸ்ப்ளே காட்டுகிற எண்ணும் அதோடு சேர்ந்து சரிகிறது. நேற்று லோடு ஏற்றிக் கிளம்பி 40 கிலோமீட்டர்தான் ஓடினேன், அந்த எண் 110 குறைந்துவிட்டது. ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் சாவியைத் திருப்பினால் முள் மேலே ஏறி நிற்கிறது. யாரும் டீசல் ஊற்றவில்லை! திருட்டு என்றால் குறையத்தானே வேண்டும், ஏறுமா? சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில் 1:
கிலோமீட்டர் எண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அது அளந்து சொல்கிற எண் இல்லை. டேங்கில் இவ்வளவு இருக்கிறது, கொஞ்ச நேரம் முன்புவரை இந்த மைலேஜில் ஓடியது, இரண்டையும் பெருக்கு, அவ்வளவுதான். காலி வண்டியில் லிட்டருக்கு 5 ஓடிக்கொண்டிருந்தால் 300 லிட்டருக்கு 1500 என்று காட்டும். லோடு ஏறியதும் லிட்டருக்கு மூன்றரைதான் என்று அதற்குத் தெரிய வரும், அதுவும் ஓட ஓடத்தான் தெரியும், அதற்குள் எண் 1050 பக்கம் வந்து நிற்கும். மேட்டில் ஏறினாலும், எதிர்க்காற்று அடித்தாலும் இதே கதைதான். இன்ஜினை ஓடவிட்டு நின்றாலும் குறையும், பெரிய லாரி ஐடிலிங்கில் மணிக்கு சுமார் 3 லிட்டர் குடிக்கும். அதனால் லோடு ஏற்றியதும் எண் சரிவது மட்டும் கோளாறு ஆகாது.

பதில் 2:
முள் ஏறுவதற்குக் காரணம் சரிவாக இருக்கலாம். டேங்குக்குள் ஒரு மிதவைதான் கம்பியில் தொங்குகிறது, அது ஏறி இறங்கும்போது மாறுகிற மின்தடையைத்தான் மீட்டர் படிக்கிறது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் மிதவை இருக்கிற பக்கம் டீசல் சேர்ந்து, இல்லாததை இருப்பதாகக் காட்டும். எங்கே நிறுத்துகிறீர்கள்?

கேட்டவர்:
சமதளம் அண்ணா, சிமெண்ட் தரை. தினமும் அதே இடம்தான்.

பதில் 3:
சென்சாரில் கை வைக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். சென்சார் தேய்ந்திருந்தால் முள் துள்ளும், சட்டென்று பூஜ்ஜியத்துக்குப் போய்த் திரும்பும். உங்களுடையது நிதானமாக இறங்கி, நிதானமாக ஏறுகிறது, எனக்கு அது வயர் கோளாறு மாதிரி தெரியவில்லை. அடுத்த முறை ஓடி வந்த கையோடு பங்க்கில் விட்டு, இரண்டு டேங்கையும் தனித்தனியாக ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்புங்கள், எந்தப் பக்கம் எத்தனை லிட்டர் ஏறியது என்று எழுதுங்கள். மிதவை எந்த டேங்கில் இருக்கிறது, இன்ஜின் எதிலிருந்து இழுக்கிறது என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
பார்த்துவிட்டேன். மிதவை, இன்ஜினுக்குப் போகிற குழாய், திரும்பி வருகிற குழாய் மூன்றும் இடது டேங்கில். முள் கால் டேங்கில் இருந்தது. இடது பக்கம் 150 லிட்டர் ஏறியது, வலது பக்கம் வெறும் 70!

பதில் 3 எழுதியவர்:
அப்படியென்றால் விஷயம் அதுதான். வலது டேங்கில் 130 லிட்டர் தேங்கியிருக்கிறது, இடதில் 50தான். இணைக்கிற குழாய் பாதி அடைத்திருக்கிறது. ஓடும்போது இன்ஜின் இழுக்கிற வேகத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து டீசல் வந்து சேரவில்லை, ராத்திரி முழுக்க நின்றால் மெல்ல மெல்லக் கசிந்து இரண்டும் சமமாகிவிடுகிறது. காலையில் முள் ஏறுவது அதனால்தான். உங்கள் மீட்டர் உண்மையைத்தான் சொல்கிறது, ஆனால் ஒரு டேங்கின் உண்மையை மட்டும். டிஸ்ப்ளே அதை இரண்டால் பெருக்கி 100 லிட்டர் என்று கணக்குப் போடும், நிஜத்தில் இருந்தது 180.

குழாயைக் கழற்றும் முன் ஒன்று செய்யுங்கள். ஓட்டி வந்ததும் வலது டேங்க் மூடியை மெதுவாகத் திறங்கள், புஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் குழாய் நன்றாக இருக்கலாம், காற்று போகிற துளை அடைத்திருக்கும். சத்தமே இல்லையென்றால் டேங்க் பக்கத்து வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா பாருங்கள், பிறகு குழாய்.

பதில் 4:
அதுவரை கால் டேங்குக்குக் கீழே இறக்காதீர்கள், தயவுசெய்து. வலதில் நூறு லிட்டருக்கு மேல் இருந்தும் நடுரோட்டில் இன்ஜின் நின்றுவிடும். டீசல் வண்டி காய்ந்து நின்றால் ஊற்றியதும் கிளம்பாது, லைனில் ஏர் பிடித்திருக்கும், கை பம்ப்பை அடித்து ஏர் எடுக்க வேண்டும். காமன் ரயில் வகை (டீசலை மிக அதிக அழுத்தத்தில் பீய்ச்சுகிற) இன்ஜின் என்றால் ஹை பிரஷர் பம்புக்கு டீசல்தான் மசகு, காய்ந்து ஓடினால் பம்பே தேய்ந்து போகும்.

கேட்டவர்:
சத்தம் வரவில்லை, வால்வும் முழுதாகத் திறந்துதான் இருந்தது. இரண்டு பக்க டீசலையும் இறக்கிவிட்டுக் குழாயைக் கழற்றினோம். வலது பக்க வாயில் கறுப்பாக, வழவழவென்று ஜெல்லி மாதிரி அடைத்திருந்தது, விரல் நுழையக்கூட இடமில்லை. சுத்தம் செய்து மாட்டியதிலிருந்து முள் ஒரே சீராக இறங்குகிறது, காலையில் ஏறுவதும் இல்லை.

பதில் 3 எழுதியவர்:
ரொம்ப மகிழ்ச்சி. அந்த ஜெல்லி டேங்கின் அடியில் தண்ணீர் தேங்கி, தண்ணீரும் டீசலும் சேர்கிற இடத்தில் கிருமி வளர்ந்து உண்டாவது. குழாயில் இருந்தால் டேங்கின் அடியிலும் இருக்கும், இரண்டையும் கழுவிவிடுங்கள். டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கிற வாட்டர் செப்பரேட்டரில் சேர்கிற தண்ணீரை அடிக்கடி திறந்து விடுங்கள். கிளறிய அழுக்கு இனி ஃபில்டருக்குத்தான் வரும், ஏற்றத்தில் இழுவை குறைந்தால் முதலில் அதைப் பாருங்கள், வண்டியில் ஒரு புது ஃபில்டர் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று, டேங்க் ஃபுல் செய்து டிரிப் மீட்டரை பூஜ்ஜியமாக்கி, மறுபடி ஃபுல் செய்யும்போது கிலோமீட்டரை லிட்டரால் வகுத்து வையுங்கள். லோடுக்கு ஒன்று, காலிக்கு ஒன்று. லோடு ஏற்றிக் கிளம்பும்போது எந்த பங்க்கில் டீசல் போடுவது என்று அந்த லோடு கணக்கை வைத்து முடிவு செய்யுங்கள், டிஸ்ப்ளே எண்ணை வைத்து வேண்டாம்.