ஏஜிஆர் பாக்கி: அடிக்குறிப்பில் கிடந்த தொகை ஒரே காலாண்டில் ப்ரொவிஷன் ஆனது எப்படி?

பேரேடு_பார்த்தி கேட்டது:

2019 செப்டம்பர் காலாண்டில் ஏர்டெல்லுக்கு 23,045 கோடி ரூபாய் நஷ்டம், வோடஃபோன் ஐடியாவுக்கு 50,921 கோடி. ஏஜிஆர் (சரிசெய்யப்பட்ட மொத்த வருவாய், அதாவது லைசென்ஸ் கட்டணம் கணக்கிட எடுக்கும் வருவாய்) தீர்ப்புக்கான ஒதுக்கீடுதான் (ப்ரொவிஷன்) முக்கியக் காரணம் என்கிறார்கள். எனக்கு இரண்டு சந்தேகம். காலாண்டு முடிந்தது செப்டம்பர் 30, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது அக்டோபர் 24. பின்னால் வந்த தீர்ப்பை முடிந்துபோன கணக்கில் எப்படி ஏற்றினார்கள்? அடுத்தது, பல வருடமாக நடந்த வழக்குதானே, ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி வந்திருக்கக் கூடாதா?

தணிக்கைமேசை:

முதல் கேள்விக்கு விடை இன்ட் ஏஎஸ் 10 என்ற இந்தியக் கணக்கியல் தரநிலையில் நேராகவே இருக்கிறது. கணக்கு முடிந்த தேதிக்கும் அதை இயக்குநர் குழு ஏற்கும் தேதிக்கும் நடுவில் ஒரு வழக்கு முடிந்து, கணக்கு முடிந்த அன்றே கடமை இருந்தது என்று உறுதியானால், அந்தக் கணக்கைத் திருத்தியே ஆக வேண்டும். தீர்ப்பு புதிதாக எந்தக் கடனையும் உண்டாக்கவில்லை, இருந்த கடனுக்கு முத்திரை குத்தியது, அவ்வளவுதான். ஏர்டெல் அக்டோபர் 29-ல் வெளியிட இருந்த முடிவுகளை நவம்பர் 14-க்குத் தள்ளிப்போட்டதும் இதனால்தான்.

இரண்டாவதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1994 தொலைத்தொடர்புக் கொள்கை தனியாருக்குக் கதவைத் திறந்தபோது லைசென்ஸ் கட்டணம் நிலையான தொகை. போட்டிபோட்டு ஏலம் கேட்டவர்களால் கட்ட முடியவில்லை. 1999 கொள்கை அதை வருவாய்ப் பங்காக மாற்றியது, 1999 ஆகஸ்ட் 1 முதல் அமல். அன்றிலிருந்து 'வருவாய்' என்றால் எது என்பதே சண்டை.

இன்ட் ஏஎஸ் 37 மூன்று கேள்வி கேட்கும்: கடந்தகால நிகழ்வால் வந்த கடமை இப்போது இருக்கிறதா, பணம் வெளியே போகத்தான் அதிக வாய்ப்பா, தொகையை நம்பகமாக மதிப்பிட முடியுமா. மூன்றுக்கும் 'ஆம்' என்றால் ப்ரொவிஷன். பணம் போக வாய்ப்புக் குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது என்றால் கன்டின்ஜென்ட் லயபிலிட்டி (வந்தாலும் வரலாம் என்ற பொறுப்பு) என்று அடிக்குறிப்பில் எழுதினால் போதும். 2015 ஏப்ரல் 23-ல் டிடிசாட் (தொலைத்தொடர்புத் தகராறுகளுக்கான தீர்ப்பாயம்) பல வருவாய் இனங்களில் கம்பெனிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதைக் கையில் வைத்துக்கொண்டு 'நாங்கள் ஜெயிப்போம்' என்ற வக்கீல் கருத்தைக் கோப்பில் சேர்த்து, ஒதுக்காமல் அடிக்குறிப்போடு விட்டால், விதிப்படி அதைத் தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் அரசு மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது அந்தக் கருத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது வேறு விஷயம்.

அலைக்கற்றை_ராணி:

மேலே சொன்னது சரி. அசலைவிட வட்டிதான் ஆளை விழுங்கியது, அதையும் பாருங்கள். ஏர்டெல் அந்தக் காலாண்டில் ஏற்றிய 28,450 கோடியின் உடைப்பு: அசல் 6,164, வட்டி 12,219, அபராதம் 3,760, அபராதத்தின் மேல் வட்டி 6,307. நூறு ரூபாயில் அசல் 22 ரூபாய்கூட இல்லை.

அப்போதைய லைசென்ஸ் ஒப்பந்தப்படி வட்டி என்பது எஸ்பிஐயின் பிஎல்ஆர் (முதன்மைக் கடன் வட்டி) விகிதத்தோடு 2%, அதுவும் மாதாமாதம் கூட்டு. குறைத்துக் கட்டியது 10 சதவீதத்தைத் தாண்டினால் அந்தக் குறைவில் 50% அபராதம். உதாரணத்துக்கு 14% என்று வைத்தால், 100 ரூபாய் பத்து வருடத்தில் 402 ஆகும். ஆண்டுக் கூட்டு என்றால் 371-தான். 2021 சீர்திருத்தத்தில் ஆண்டுக் கூட்டுக்கு மாற்றி, அபராதத்தையும் எடுத்தார்கள். ஆனால் அது இனிமேல் வருவதற்கு மட்டும், பழைய பாக்கிக்கு இல்லை.

அசலே எங்கிருந்து வந்தது? 100 ரூபாய் ரீசார்ஜ் கார்டை விநியோகஸ்தருக்கு 97-க்குக் கொடுத்தால் கம்பெனி 97-ஐ வருவாயாக எழுதும். தொலைத்தொடர்புத் துறை 100-க்கும் பங்கு கேட்டது. வட்டி வருமானம், டிவிடெண்ட், அந்நியச் செலாவணி லாபம், சொத்து விற்ற லாபம் எல்லாம் இப்படித்தான். வாராக்கடனைக் கழிக்கவும் விடவில்லை. நீதிமன்றம் துறை பக்கம் நின்றது.

பேரேடு_பார்த்தி:

நன்றி மேடம். அப்படியானால் எந்தத் தொகையை ஒதுக்குவது? துறை கேட்டது ஒன்று, கம்பெனி சொன்னது ஒன்றாக இருக்கிறதே.

தணிக்கைமேசை:

அங்கேதான் சிக்கல். 2020-ல் துறையின் கணக்கு ஏர்டெல் குழுமத்துக்கு 43,980 கோடி, கம்பெனியின் சுயமதிப்பீடு 13,004 கோடி. வோடஃபோன் ஐடியாவுக்கு 58,254, சுயமதிப்பீடு 21,533. மறுமதிப்பீடே கூடாது என்று 2020 செப்டம்பர் 1 உத்தரவு சொன்ன பிறகு சுயமதிப்பீட்டை வைத்து ஒதுக்க வழியில்லாமல் போனது. கூட்டல் கழித்தல் பிழையையாவது திருத்துங்கள் என்ற மனுவும் 2021 ஜூலையில் தள்ளுபடி.

அந்த 2020 உத்தரவு இருப்புநிலைக் குறிப்பையும் மாற்றியது. முதலில் 2019 தீர்ப்பில் மூன்று மாதக் கெடு, ஆகவே முழுத் தொகையும் நடப்புப் பொறுப்பு (ஓராண்டுக்குள் கட்ட வேண்டியது). நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்ற ஐயம் வோடஃபோன் ஐடியா கணக்கில் ஏறியது அப்போதுதான். பிறகு 10% முன்பணம், மீதி 2031 மார்ச் 31 வரை ஆண்டுத் தவணை என்றானதும் பெரும்பகுதி நீண்டகாலப் பொறுப்புக்கு நகர்ந்தது. தவணைத் தொகையும் தேதியும் உறுதியான கடனை ப்ரொவிஷன் தலைப்பில் வைத்திருப்பது சரியில்லை, அது வெறும் கடன். மாணவர்கள் அடிக்கடி கோட்டைவிடும் இடம் இது.

அலைக்கற்றை_ராணி:

ஒன்று விட்டுப்போச்சு. எல்லாப் பாக்கியும் சட்டச் சண்டையால் வந்ததில்லை. மற்ற கம்பெனிக்குக் கொடுத்த இணைப்புக் கட்டணம், ரோமிங் தொகை இரண்டையும் கழிக்கலாம், ஆனால் உண்மையில் கட்டியிருக்க வேண்டும். பில்லை மார்ச்சில் செலவாக எழுதிப் பணத்தை ஏப்ரலில் கொடுத்தால் மார்ச் காலாண்டில் கழிவு கிடையாது. ரசீது இல்லாமல் போனால் சிசிஏ (துறையின் கணக்குக் கட்டுப்பாட்டாளர்) அலுவலகச் சரிபார்ப்பில் கழிவே ரத்து, அதன் மேல் வட்டி ஓடும். தொலைத்தொடர்பு வட்டம் (சேவைப் பகுதி) வாரியாக, காலாண்டு வாரியாகக் கட்டிய தேதியோடு ஒரு பட்டியல் வைத்திருந்தால் ரத்தாகக்கூடிய கழிவுக்கு மட்டும் தனியாக ஒதுக்கலாம். மொத்தமாக ஒரு சதவீதம் போட்டு ஒதுக்கினால் 'நம்பகமான மதிப்பீடு' என்ற மூன்றாவது கேள்வியிலேயே தணிக்கையாளர் பிடித்துக்கொள்வார்.