சூடடிப்புக் காலத்தில பிள்ளைக்கு முட்டு: இலை, கசாயம், வீட்டுப் பழக்கம்

நெத்தலியாறு:
9 வயதுப் பிள்ளை, தொய்வு (ஆஸ்மா). கிளினிக்கில குடுத்த பிரவுன் பம்ப் (இன்ஹேலர்) காலையும் இரவும் 2 தரம், முட்டு வந்தா நீலப் பம்ப். மாசியில காலபோக வெட்டுத் தொடங்கினா முன் வயல் முழுக்கத் தூசி, விடியப்புறம் 3 மணிக்கு இருமி எழும்பும். ஆடாதோடைச் சாறு குடுத்தா பிரவுன் பம்பை விடலாம் எண்டு பெரியாக்கள் சொல்லுகினம். மொசுமொசுக்கை, தூதுவளை வேலியிலயே படர்ந்து கிடக்கு. எதை எவ்வளவு குடுக்கலாம்? பின்னேரம் சாம்பிராணி போடலாமோ?

வேலிக்கரை:
மொசுமொசுக்கையும் தூதுவளையும் சாப்பாடு, பயப்பிடாமல் குடுங்கோ. மொசுமொசுக்கை இலையில சுணை இருக்கு. பெரிசா அரிஞ்சா தொண்டையில அறுக்கும், பிள்ளை அடுத்த முறை தொடாது. ஒரு கைப்பிடி இலையைப் பொடியா அரிஞ்சு, ஒரு சுண்டு அரிசிமா, கொஞ்சத் தேங்காய்ப்பூ, உப்போட குழைச்சு ரொட்டியாச் சுடுங்கோ. தூதுவளையில நடு நரம்பு முள்ளைக் கிள்ளிப்போட்டு 10 இலையை நெய்யில வதக்கிச் சம்பலுக்கு அரையுங்கோ.

இருமலுக்கு ஒரு மேசைக்கரண்டி மல்லி, நகத்தளவு வேர்க்கொம்பு தட்டிப்போட்டு, 2 கோப்பைத் தண்ணி 1 கோப்பையா வத்தும் வரை கொதிக்க வையுங்கோ. தொண்டைக்குச் சுகம். ஆனா இறுகின மூச்சுக்குழாயை அது விரிக்காது.

ஆடாதோடை சாப்பாடில்லை, மருந்து. அதில இருக்கிற வாசிசினை வைச்சுத்தான் புரோம்ஹெக்சின் எண்ட சளி மருந்தையே உருவாக்கினவை. சளி இளகும், உண்மை. அளவு கூடினா சத்தி, வயித்தோட்டம். கர்ப்பிணிக்கு அறவே கூடாது, கருப்பையைச் சுருக்கும். பிள்ளைக்குக் கண்மதிப்பில சாறு பிழியாதேங்கோ, சித்த வைத்தியரிட்டைக் கேட்டு அளவாக் குடுங்கோ. பிரவுன் பம்பின்ர இடத்தை அது பிடிக்காது. ஊமத்தம் இலையைச் சுருட்டிப் புகை பிடிக்கச் சொல்லுறவையும் இருக்கினம். அது நஞ்சு. வாய் காயும், கண்மணி விரியும், நெஞ்சு படபடக்கும், அளவு மிஞ்சினா பிதற்றல்.

கனகராயன்கரை:
சாம்பிராணி வேண்டாம். வாசம் நல்லதெண்டாலும் புகை புகைதான். நுளம்புச் சுருள் அதைவிட மோசம்: ஒரு சுருள் எரிஞ்சு முடிய வாற நுண்தூசி 75 தொடக்கம் 137 சிகரட்டுக்குச் சமம் எண்டு அளந்திருக்கினம். வலை கட்டுங்கோ. ஈர விறகு அடுப்பில எரியேக்க பிள்ளையைக் குசினிக்க விடாதேங்கோ.

தூசிக்கு முதலில காத்தைப் பாருங்கோ. மாசியில காத்து வடகிழக்கால வரும், அந்தப் பக்க யன்னலை வெட்டு மெஷின் ஓடுற நேரம் சாத்தி மற்றப் பக்கத்தைத் திறவுங்கோ. ஆவணியில சிறுபோகம் வெட்டேக்க சோளகம், அப்ப தென்மேற்குப் பக்கம். வைக்கோல் எரிக்கிற அன்றைக்கு முழுக்கச் சாத்துங்கோ. வளர்ந்தாக்களின்ர என்95 மாஸ்க் பிள்ளையின்ர முகத்தில இறுகாது, இடைவெளியால தூசி போகும். அதை நம்பி வயலுக்குக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ.

பலர் கவனிக்காத ஒண்டு: நெல் மூட்டையைப் படுக்கிற அறையில அடுக்குறது. நெல்லுத் தூசியும் அதில இருக்கிற உண்ணிப்பூச்சியும் இரவு முழுக்க மூக்குக்குள்ள. விறாந்தைக்கு மாத்துங்கோ. இலவம்பஞ்சுத் தலையணையை வாரம் ஒருக்கா நல்ல வெயிலில 4, 5 மணித்தியாலம் போட்டு, பிள்ளை இல்லாத இடத்தில தட்டுங்கோ. கூட்ட முதல் தண்ணி தெளியுங்கோ.

பம்ப்_பழக்கம்:
இரவில எழும்புறது வருத்தம் கட்டுக்குள்ள இல்லை எண்டதுக்கு அடையாளம். இப்ப பம்பைக் குறைக்கிற நேரமே இல்லை. 3 மாதம் ஒரு தொந்தரவும் இல்லாமல் போனா டொக்டர்தான் குறைப்பார். நீலம் இறுக்கத்தை இளக்கும், உள்ளுக்க இருக்கிற அழற்சியைப் பிரவுன்தான் ஆற்றும். நாள் தவறாமல் போட்டாத்தான் வேலை செய்யும்.

முதல் போடுற விதத்தைப் பாருங்கோ. ஸ்பேசர் (பம்புக்கும் வாய்க்கும் நடுவில பூட்டுற குழாய்) இல்லாட்டி மருந்தில பெரும்பகுதி தொண்டையிலயே ஒட்டிப்போகும். குலுக்கி, ஒருக்கா அழுத்தி, ஸ்பேசரால 5 மூச்சு ஆறுதலா. அரை நிமிசம் விட்டுத் திரும்பக் குலுக்கி அடுத்தது. ரெண்டையும் சேர்த்து அழுத்தினா மருந்து சுவரில படிஞ்சிடும். பிரவுன் போட்டதும் வாய் கொப்பளிச்சுத் துப்ப வேணும், இல்லாட்டி நாக்கில வெள்ளை படியும். ஒரு பம்பில 200 தரம், நாளுக்கு 4 எண்டா 50 நாள். தண்ணியில மிதக்குதோ எண்டு பார்க்கிற முறை பிழை, கலண்டரில குறியுங்கோ.

காய்ச்சல், நோவுக்குப் பனடோல் மட்டும். இபுபுரொபென், டைக்ளோபெனாக் சிலருக்கு முட்டு வரப்பண்ணும்.

நெத்தலியாறு:
நன்றி. பிரவுனை விடேல்லை. ஸ்பேசர் இப்ப கையில இல்லை. அது கிடைக்கும் வரைக்கும் முட்டு வந்தா ஆவி பிடிக்க வைக்கட்டோ?

பம்ப்_பழக்கம்:
ஆவி வேண்டாம். முட்டுக்கு உதவாது, கொதிதண்ணி ஊத்துப்பட்டு வெந்து போற பிள்ளையள்தான் மிச்சம். கசாயமும் அந்த நேரம் குடுக்காதேங்கோ. முன்னுக்குச் சாய்ச்சு இருத்தி, நீலப் பம்ப் ஒவ்வொண்டா 4 தரம், 4 நிமிசம் பொறுத்துத் திரும்ப 4. அதுக்கும் அடங்காட்டி 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ, அது வரும் வரை இதே அளவைத் தொடருங்கோ. வசனம் முடிக்க முடியாமல் திணறினா, விலா இடுக்கு உள்ளுக்க இழுத்தா, உதடு நீலம் பாய்ஞ்சா 4 நிமிசம் பார்க்காமல் உடனேயே 1990க்கு அடியுங்கோ.

ஸ்பேசர் கிடைக்கும் வரை 500 மில்லிப் பிளாஸ்டிக் போத்தல் காணும். பம்பின்ர வாயளவுக்குக் கம்பியை வளைச்சுச் சூடாக்கி, போத்தலின்ர அடியில அழுத்தினா துளை சரியா விழும். இடைவெளி தெரிஞ்சா ரேப் சுத்துங்கோ. பிறகு சவுக்காரத் தண்ணியில அலசி, துடைக்காமல் கவிழ்த்துக் காய விடுங்கோ. துணியால துடைச்சா நிலைமின் ஏறி மருந்து சுவரில ஒட்டும். பிள்ளை உதட்டால மூடிப் பிடிக்கிறது போத்தலின்ர கழுத்துப் பக்கம்.